காட்டேரியின் கோட்டையை வன்னியில் அமைக்கவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் மேசைக் கதாபாத்திர விளையாட்டுகளை நடத்தும் நடத்துநர்களுக்கு,

வணக்கம்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பகடையும் தாளும் பென்சிலுமாகக் கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் இளைஞர்களுக்குக் கதை நடத்துபவர்கள் நீங்கள். உங்கள் கதைகளில் இரத்தக் காட்டேரி எவ்வாறு வருகிறது என்பது பற்றியே இதை எழுதுகிறேன். நான் அமர்ந்த மேசைகளில் அது பெரும்பாலும் நிலவறையின் கடைசி அறையில் காத்திருக்கும், 144 உயிர்ப்புள்ளிகள் கொண்ட எதிரியாக மட்டுமே வந்திருக்கிறது. அது வீழ்ந்ததும் எல்லோரும் புதையலை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அது கொடியதாகக் காட்டப்படுவதில் எனக்கு மறுப்பில்லை. அது எவ்வாறு கொடியதாயிற்று என்பதை யாரும் கேளாமலே ஆட்டம் முடிந்துவிடுவதுதான் என் மனக்குறை.

இவ்வகை விளையாட்டின் பிறப்பிலேயே காட்டேரிக்கு ஓர் இடம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டேவ் ஆர்னெசன் நடத்திய, பின்னர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டுக்கு முன்னோடியான பிளாக்மூர் ஆட்டத்தில், ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரமான சேர் பாங் காட்டேரியாக மாறி எவராலும் அடக்க முடியாதவனாகிவிடவே, அவனை எதிர்ப்பதற்கென்றே உருவான பாத்திரத்திலிருந்துதான் கிளெரிக் என்ற பூசகர் பாத்திர வகை வளர்ந்தது. ஆகவே முதற் காட்டேரி மேசையில் அமர்ந்திருந்த ஒரு நண்பரின் பாத்திரம். 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சில் வெளிவந்தபோதோ அது எதிரிகளின் அட்டவணைக்குள் போய்ச் சேர்ந்து, தொட்டவர் ஆட்டத்தில் ஈட்டிய இரண்டு படிநிலைகளை உறிஞ்சிவிடும் ஆபத்தாகச் சுருங்கிவிட்டது. காரணம் எதுவுமின்றி ஒரு நிலவறையில் காட்டேரி நிற்பதைக் கண்டு டிரேசி ஹிக்மன் கொண்ட அதிருப்தியே, அவரும் லோரா ஹிக்மனும் எழுதி 1983இல் வெளிவந்த ரேவன்லொப்ட் சாகசத்துக்கு வித்தானது.

அந்தச் சாகசத்தின் காட்டேரியான ஸ்ட்ராட் பிரபுவை நீங்கள் அறிவீர்கள். தம்பிக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை விரும்பி, மரணத்தோடு உடன்படிக்கை செய்து, திருமண நாளிலேயே தம்பியைக் கொன்றவன் அவன். அவனிடமிருந்து தப்புவதற்காக அந்தப் பெண் கோட்டை மதிலிலிருந்து குதித்தாள். கோரைப்பல் முளைக்கும் முன்பே அவன் செய்யவேண்டிய கொடுமையைச் செய்து முடித்திருந்தான். அவனுடைய நாட்டைச் சூழ்ந்திருக்கும் மூடுபனி எவரையும் வெளியேற விடாது. எல்லை மூடப்பட்டு, அனுமதிச் சீட்டின்றி எங்கும் போகமுடியாதிருந்த காலத்தைப் பெற்றோர் இன்றும் நினைவில் வைத்திருக்கும் எங்கள் மண்ணில், அந்த மூடுபனியை வெறும் காட்சி வருணனையாக வாசித்துக் கடந்துவிடாதீர்கள்.

எங்கள் மரபும் பேயைப் பிறவிக் கொடியவராகப் பார்த்ததில்லை. பழையனூர் நீலி, கணவனால் கொல்லப்பட்டதால் பழிவாங்க வந்தவள். அந்தப் பழையனூரை அடுத்த திருவாலங்காட்டில்தான் காரைக்காலம்மையார் தாமே வேண்டிப் பெற்ற பேயுருவோடு இறைவனின் ஆடலைப் பாடினார். ஒருவர் பேயானது எதனால் என்ற கேள்வி தமிழ்க் கேட்போருக்கு இயல்பாகவே எழும். அதற்கு உங்கள் கதையில் விடை இருக்கட்டும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது காட்டேரியின் அடிமைகளைப் பற்றியது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிநூற்படி, காட்டேரி கடித்துக் கொன்ற மனிதர் மண்ணில் புதைக்கப்பட்டால், மறுநாளிரவு அதன் கட்டளைக்கு அடங்கிய அடிமைக் காட்டேரியாக எழுவார். வேறெங்கோ இது ஒரு திகில் விதியாக மட்டும் இருக்கலாம். ஆனால் உங்கள் மேசையில் இருப்பவர்களுள், உறவினரின் உடலைக் காணாதவரும், புதைத்த இடம் அறியாதவரும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் தாயோடு அமர்ந்திருந்தவரும் இருக்கக்கூடும். இறந்தவர்கள் புதைகுழியிலிருந்து எழுந்து வருவதையும், அவர்களை வெட்டி வீழ்த்துவதற்குப் புள்ளிகள் வழங்கப்படுவதையும் அவர் எவ்வாறு ஏற்பார் என்பதை ஆட்டம் தொடங்குமுன் கூடும் முதற் கூட்டத்திலேயே, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். மனத்துக்கு ஒவ்வாத காட்சியை நிறுத்த எவரும் தொடக்கூடியதாக ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் அட்டையையும் மேசையில் வையுங்கள். அதைத் தொட்டவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஸ்ட்ராட்டின் கதையில் வரும் விஸ்தானி என்னும் நாடோடிகள் ரோமா மக்களை இழிவுபடுத்தும் விதமாக வரையப்பட்டிருந்தார்கள் என்ற கண்டனம் எழுந்து, 2020இல் வெளியீட்டாளர்களே அதைத் திருத்த முன்வந்தார்கள். அந்த இடத்தில் எங்களூர்க் குறவர்களையோ, 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களையோ கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். கோட்டையில் இருப்பவன் செய்த தீமைக்குப் படலைக்கு வெளியே வாழும் ஏழைகள் பொறுப்பாக முடியாது.

காட்டேரியின் பலவீனங்கள் வன்னியில் அழகாகப் பொருந்துவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே உற்சாகம் பிறக்கிறது. ஓடும் நீரில் தன் முறையை முடிக்கும் காட்டேரிக்கு 20 புள்ளிச் சேதம் என்பது விதி. கோடையில் கனகராயன் ஆறு மணலாகக் கிடக்கும்போது அது தடையின்றிக் கடந்துவிடும். மாரியில் அதே ஆறு ஊரைக் காக்கும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்திலிருந்து நீர் திறக்கப்பட்டிருக்கும் நாட்களில் வலதுகரை, இடதுகரை வாய்க்கால்களுக்கு அப்பாலுள்ள குடிமனைகள் பத்திரமாக இருக்கும். அப்படியானால், புத்தியுள்ள காட்டேரி கடிக்கத் தேடுவது குளத்து நீரை விடும் துருசுக் கதவைத் திறந்து பூட்டுபவரையல்லவா? கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் நீரை முன்கூட்டியே நிறுத்தவேண்டும் என்று ஒருவர் வாதிடும்போது, அவர் தன் மனத்தால்தான் பேசுகிறாரா, காட்டேரியால் மயக்கப்பட்டுப் பேசுகிறாரா என்று ஆட்டக்காரர்கள் கண்டறியவேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற விதியும் அப்படித்தான். படலையடியில் நின்று கூப்பிடுபவரை ‘உள்ளே வாங்கோ’ என்று சொல்லாமல் விடுவது இங்கே எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த விதி வீட்டுவாசலில் தொடங்குகிறதா, படலையிலேயே தொடங்குகிறதா என்பதை முன்னரே முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பகலவன், கழுமுனை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

1991இல் வெளிவந்த வம்பயர்: தி மாஸ்கரேட் விளையாட்டில் ஆட்டக்காரர்களே காட்டேரிகளாக வருகிறார்கள், ஒவ்வொரு கொடுமைக்கும் அவர்களுடைய மனிதத்தன்மையின் புள்ளி குறையக்கூடும். அந்த அளவுகோலை உங்கள் காட்டேரிப் பிரபுவுக்கும் இரகசியமாக வைத்துப் பாருங்கள். ஆட்டத்தின்போது அது இறங்குவதை நீங்கள் மட்டும் அறிந்திருந்தாலே அவன் பேச்சு மாறும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தம்மை உருவாக்கிய காட்டேரி அழிந்ததும் அடிமைக் காட்டேரிகளுக்குச் சுயவிருப்பு திரும்பிவிடுகிறது என்று அதே 2014 விதிநூல் கூறுகிறது. ஆனால் நான் ஆடிய ஆட்டங்கள் அந்தக் கணத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன, அல்லது எஞ்சியவர்களும் வெட்டப்படுகிறார்கள். தயவுசெய்து அதற்குப் பின்னும் ஓர் அமர்வு நடத்துங்கள். பசியும் நினைவும் சேர்ந்தே மீண்ட அந்த மனிதர்கள் தங்கள் ஊர்ப் படலையில் வந்து நிற்கும்போது, அவர்களுக்கு யார் பொறுப்பெடுப்பது, எதை உண்ணக் கொடுப்பது, எங்கே தங்கவைப்பது என்பதை உங்கள் ஆட்டக்காரர்கள் கூடித் தீர்மானிக்கட்டும்.

இங்ஙனம்,
கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆட்டக்காரர்