ஆண்டறிக்கை: பேட் லாமைப் பாடமாக வைத்து ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பயிற்சியாளர்களுக்கும், பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்து வரும் பெற்றோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இந்த ஆண்டின் பயிற்சியாளர் வகுப்புகள் எல்லாவற்றையும் ஒரே மனிதரைப் பாடமாக வைத்து நடத்தினோம். சமோவா ரக்பி அணியின் முன்னாள் தலைவரும், இன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் பேர்ஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பில் இருப்பவருமான பேட் லாம்தான் அவர். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். இந்த அறிக்கையில் களத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏன் லாம் என்று வகுப்பின் தொடக்கத்திலேயே சிலர் கேட்டார்கள். நன்றாக ஆடியவர்கள் பலருக்குத் தாம் செய்ததைப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. லாம் ஆக்லாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த அணிகளைப் பார்த்தால் பந்தைக் கையாளத் தெரியாத ஆளே அவற்றில் இருக்கக்கூடாது என்ற பிடிவாதம் தெரியும். நம் சங்கத்துக்குக் குறைவாக இருப்பதும் அதுதான் என்று செயற்குழு கருதியது.

1968இல் ஆக்லாந்தில் சமோவாக் குடும்பத்தில் பிறந்தார். 1991 உலகக் கோப்பைதான் அவருடைய சர்வதேச அறிமுகம். அப்போது நாட்டின் பெயர் மேற்கு சமோவா. 1997இல்தான் வெறும் சமோவா ஆனது. 1987 போட்டிக்கு அழைக்கப்படாத அந்த அணி, அக்டோபர் 6ஆம் தேதி கார்டிஃபில் வேல்ஸை 16-13 என வீழ்த்தியது. நம்பர் எட்டாக, அதாவது தள்ளும் வரிசைகளின் கடைசி ஆளாக, ஆடியவர் லாம். பிறகு ஆஸ்திரேலியாவிடம் 9-3 எனத் தோற்று, அர்ஜென்டினாவை 35-12 என வென்று காலிறுதிக்குப் போனார்கள். 1995இலும் 1999இலும் அணித்தலைவர் லாமே. 1999இல் அதே கார்டிஃபில், புதிய மைதானத்தில், வேல்ஸை மறுபடியும் 38-31 என வென்றார்கள். அந்த ஆட்டத்தில் லாமும் ஒரு டிரை (பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) போட்டார்.

கிளப் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997-98இல் நியூகாசிலுடன் இங்கிலாந்து லீக் பட்டம். பிறகு நார்த்தாம்ப்டனின் தலைவராக 2000ஆம் ஆண்டு மே மாதம் ட்விக்கன்ஹாமில் அயர்லாந்தின் மன்ஸ்டரை 9-8 என வென்று ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஹைனெக்கன் கோப்பை. நார்த்தாம்ப்டன் ஒரு டிரைகூடப் போடவில்லை, பால் கிரேசன் அடித்த மூன்று பெனால்டிதான் அந்த ஒன்பது புள்ளி. பந்தை ஓட விடுவதற்குப் பெயர் பெற்ற பயிற்சியாளர், ஆட்டக்காரராகத் தூக்கிய பெரிய கோப்பை இப்படிப்பட்ட ஓர் இறுகிய ஆட்டத்தில் கிடைத்தது. வீரர்கள் எதைச் செய்தால் வெல்வார்கள் என்று அன்றைய நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்தவர் என்பதற்கு இதை வகுப்பில் காட்டினோம்.

நம்பர் எட்டு வகுப்பு

அவருடைய சொந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினோம். இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமில், நம்பர் எட்டு இரண்டாம் வரிசை ஆட்களான இரண்டு லாக்குகளுக்கு நடுவே தலையை வைத்து, இரு கைகளாலும் அவர்களின் வெளி இடுப்பை அணைத்து உள்ளிழுக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் லாக்குகள் விலகிப்போய், தள்ளும் பலம் முன்வரிசையைச் சென்று சேராது. பந்து காலடிக்கு வந்ததும் பாதத்தால் அதை அடக்கி, இடுப்பை உயர்த்தாமல் கையை இறக்கி எடுத்து ஓட வேண்டும்.

நம் ஆட்களிடம் திரும்பத் திரும்ப வந்த தவறு, பந்தை எடுக்கும் முன்பே தலையைத் தூக்கிப் பார்ப்பது. தலை எழுந்தால் தோள் எழும், தோள் எழுந்தால் தள்ளு நின்றுவிடும், எதிரணி ஃபிளாங்கருக்குச் (ஸ்க்ரமின் ஓரத்து ஆளுக்குச்) செய்தியும் போய்விடும். நம் பந்தாக இருந்தால் எடுத்து ஓடுவது பெரும்பாலும் வலப்பக்கம்தான். பந்தை இடப்பக்கத்திலிருந்து இடுவதால் எதிரணி ஸ்க்ரம்ஹாஃபும் (ஸ்க்ரமுக்குப் பந்து இட்டு எடுப்பவர்) அங்கேதான் நிற்பார், வலப்பக்கம் ஓர் ஆள் குறைவு. அதோடு நம் வலத்தோள் ஒரு சாண் முன்னே போனாலே எதிர் ஃபிளாங்கர் சுற்றி வர வேண்டிய தூரம் கூடுகிறது. வலப்பக்கம் பின்வாங்கினால் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு பந்தை ஸ்க்ரம்ஹாஃபிடம் கொடுப்பதே நல்லது. இந்த முடிவை நம்பர் எட்டே எடுக்கப் பழக வேண்டும். கரையில் நிற்பவர் கத்திச் சொல்வதற்குள் காலம் கடந்துவிடும்.

பயிற்சியாளர் லாம்

2003 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்தின் பயிற்சிக் குழுவில் இருந்தார். ஆக்லாந்து மாகாண அணிக்கு 2005இலும் 2007இலும் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அடுத்து ஆக்லாந்தின் ப்ளூஸ் அணி. 2011இல் சூப்பர் ரக்பி அரையிறுதி வரை போன அந்த அணி, 2012இல் பதினாறு ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்றது. அவருடைய இனத்தையும் குடும்பத்தையும் இழுத்துச் சிலர் வசை பொழிந்தார்கள். அதைப் பற்றிப் பொதுவெளியில் பேசும்போது அவர் கண்கலங்கினார். அந்தப் பருவத்தோடு பதவியும் போனது. தோற்ற பயிற்சியாளரை விமர்சிப்பது வேறு, அவர் பிறப்பைத் திட்டுவது வேறு. நம் எல்லைக்கோட்டில் அப்படி ஒரு சொல் கேட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. இந்தப் பாடத்தின் விளைவு அது.

2013இல் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கொனாக்டுக்குப் போனார். 2003இல் ஐரிஷ் ரக்பி ஒன்றியமே மூடிவிடலாமா என்று யோசித்த அணி அது. ரசிகர்கள் டப்ளின் தெருவில் ஊர்வலம் போய்த்தான் அதைக் காப்பாற்றினார்கள். நாய்ப்பந்தயப் பாதை சுற்றிவரும் கால்வே மைதானம், ஓயாத காற்று, மழை. அங்கே போய் முன்வரிசை ஆட்களுக்கும் பாஸ் போடக் கற்றுக்கொடுத்தார். 2015 நவம்பரில் மன்ஸ்டரை அவர்கள் ஊரிலேயே வென்றார்கள். 1986க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2016 மே 28ஆம் தேதி மர்ரேஃபீல்டில் லென்ஸ்டரை 20-10 என வென்று ப்ரோ12 லீக் பட்டம் பெற்றார்கள். 1885இல் தொடங்கிய கொனாக்டுக்கு அதுவே முதல் பெரிய கோப்பை. ஓஹாலரன், அடியோலோகுன், ஹீலி ஆளுக்கொரு டிரை. மூவரும் பின்கள ஆட்கள்தான், ஆனால் அவர்களுக்கு இடம் திறந்து கொடுத்தது நடுக்களத்தில் பந்தைக் கைமாற்றிய ஃபார்வர்டுகள் (ஸ்க்ரமில் தள்ளும் எட்டுப் பேர்). நம் பயிற்சியாளர்கள் அந்த ஆட்டத்தை ஒரு முறை முழுவதும் பார்க்க வேண்டுகிறேன். டிரையை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய மூன்று ரக்குகளைப் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் தள்ளும் மோதல்களைப்) பாருங்கள்.

பிரிஸ்டலுக்கு 2017இல் வந்து, 2018இல் முதல் பிரிவுக்கு ஏற்றினார். 2020 அக்டோபரில் பிரான்ஸின் தூலோனை 32-19 என வென்று ஐரோப்பிய சாலஞ்ச் கோப்பை. அடுத்த பருவம் லீக்கில் முதலிடம். ஆனால் 2021 அரையிறுதியில் சொந்த மைதானத்தில் ஹார்லிக்வின்ஸுக்கு எதிராக 28-0 என முன்னிலை பெற்றுவிட்டு, கூடுதல் நேரத்தில் 43-36 எனத் தோற்றார்கள். அடுத்த ஆண்டு பத்தாமிடம். பந்தை விரித்து ஆடும் முறையின் விலை இது. முன்னிலையில் இருக்கும்போது வேகத்தைக் குறைக்கத் தெரியாவிட்டால் எதிரணிக்கும் அதே விரிந்த ஆட்டம் கிடைத்துவிடும்.

பாட் பயிற்சி: என்ன சரியாக வரவில்லை

எட்டு ஃபார்வர்டுகளை 1-3-3-1 எனக் களத்தின் குறுக்கே பிரித்து நிறுத்தும் முறையைப் பழகினோம். இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர், நடுவில் மும்மூன்று பேராக இரண்டு பாட், அதாவது சிறு குழு. மூவரில் நடுவில் இருப்பவர் பந்தை வாங்குவார். அவர் முட்டி மோதலாம், பக்கத்து ஆளுக்குக் குறும்பாஸ் தரலாம், பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளைஹாஃபுக்கு இழுத்துக் கொடுக்கலாம். மூன்றில் எது என்று தடுப்பவருக்குக் கடைசி நொடி வரை தெரியக்கூடாது.

முதலில் கெட்டது ஆழம். ஆட்கள் ஆவலில் ரக்கின் கடைசிக் கால் வரை வந்து நின்றார்கள். அப்படி நின்றால் பந்தை நின்ற நிலையில் வாங்க வேண்டிவரும், அல்லது ஓட்டத்தில் வாங்கினால் பாஸ் முன்னே போய்விடும். நான்கைந்து மீட்டர் பின்னால் நின்று, பந்து ஸ்க்ரம்ஹாஃபின் கையை விட்டதும் ஓடத் தொடங்குவது சரி. களத்தில் கூம்பு வைத்துப் பழக்கியதும் இது தேறியது.

இரண்டாவது, பந்து இருக்கும் பக்கம் எல்லோரும் ஈர்க்கப்படுவது. களைத்தபின் இது மோசமாகும். ஓரத்து ஆள் உள்ளே வந்துவிடுவார், மறுபக்கம் காலியாகும். இன்னும் தீரவில்லை.

மூன்றாவது ரக். மோதியவருக்கு இருபுறமும் இருந்தவர்கள் உடனே மேலே வந்து தடுப்பவரை அகற்ற வேண்டும். இரண்டு பேர் போதும். நான்கு பேர் போனால் அடுத்த பாட்டில் ஆள் இருக்காது. பந்து மூன்று நொடிக்குள் வெளியே வர வேண்டும் என்பது நாம் வைத்த இலக்கு. நடுவர் பந்தை எடுக்கச் சொன்னபின் ஐந்து நொடிதான் அவகாசம். அதற்கு மேல் பந்து எதிரணிக்கு.

கடைசியாக ஒரு செய்தி. 2022 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு நாட்டுக்கு ஆடியவர் மூன்றாண்டு விலகியிருந்தால், தாம் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பாட்டன் பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒரு முறை மாறி ஆடலாம். நியூசிலாந்துக்கு ஆடிய, பிரிஸ்டலில் லாமின் அணியில் இருந்த ஸ்டீவன் லுவாட்டுவா 2023 உலகக் கோப்பையில் சமோவாவுக்கு ஆடினார். அந்தப் போட்டியில் இங்கிலாந்திடம் சமோவா 18-17 எனத் தோற்றது, ஒரே ஒரு புள்ளி.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள்களை ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஈரப் பந்தில் பாஸ் பயிற்சி வாரந்தோறும் நடக்க வேண்டும். பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாலே போதும். தேய்ந்த பந்துகளை மாற்ற வேண்டும், பிடிப்புமணிகள் மழுங்கிய பந்தில் கை பழகினால் நல்ல பந்தில் தடுமாறும். பல்காப்பு இல்லாமல் எவரும் மோதல் பயிற்சிக்கு இறங்கக்கூடாது, பயிற்சியாளர் உட்பட.

இப்படிக்கு,
செயலாளர்