பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாள் சிறப்பு மருத்துவம்: கோரிக்கை மனு

அனுப்புநர்
பள்ளி மாணவர்களின் பெற்றோர்கள் சார்பில், ஒரு மாணவியின் தாய்

பெறுநர்
மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: எங்கள் பகுதிப் பள்ளி மாணவர்களுக்குச் சிறப்பு மருத்துவர்களின் சேவையை மாதந்தோறும் இங்கேயே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. எடை, உயரம் பார்க்கிறார்கள், எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்கிறார்கள். குறை தெரிந்தால் பெரிய மருத்துவமனையில் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதித் தருகிறார்கள். அதுவரை சரி. எங்கள் கஷ்டம் அந்தச் சீட்டுக்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

என் மகளுக்கு இரண்டாம் வகுப்பில் சீட்டு வந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அழைத்துப் போனேன். எங்கள் முறை வருவதற்குள் ஓ.பி. நேரம் முடிந்துவிட்டது. அடுத்த முறை போனபோது கண் மருத்துவர் வேறு முகாமுக்குப் போயிருந்தார். அப்புறம் பரீட்சை, வீட்டில் வேறு நெருக்கடிகள். ஒருவழியாக மருத்துவரைப் பார்த்தபோது அவள் நான்காம் வகுப்பு. இடது கண் 'சோம்பல் கண்' என்றார். அந்தக் கண் அனுப்பும் மங்கலான படத்தை மூளை ஒதுக்கிவிடுமாம். நல்ல கண்ணே எல்லா வேலையும் செய்வதால் பிள்ளைக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தால் பார்வையை மீட்கலாம். ஆனால் 7 வயதுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அவளுக்கு அப்போது 9. சிகிச்சை நடக்கிறது, கொஞ்சம் முன்னேற்றமும் இருக்கிறது. அந்த இரண்டு வருடம்தான் மனதை அரிக்கிறது.

காதும் அப்படித்தான். நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால் பெரும்பாலும் வலி இருக்காது. ஆசிரியர் சொல்வது சரியாகக் காதில் விழாத பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கும் பெயர் 'கவனமில்லாதவன்'. ஆறு வயதில் பால் பல் எதுவும் விழாமலே பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. விழுந்து முளைக்கும் என்று சொத்தையை விட்டுவிடுகிறோம்.

எனக்கு அதிகம் பயம் தருவது வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குச் சில கிருமிகளால் வரும் தொண்டை வலியைச் சரியாகக் கவனிக்காவிட்டால் இதய வால்வு வரை பாதிக்கும். ஒருமுறை வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, அதுவும் பல வருடங்கள் போட வேண்டும். அத்தனை தடவையும் அலையச் சொன்னால் எந்தக் குடும்பம் தாங்கும்?

சோதனை மட்டும் போதாது என்பது புதிய விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் 1907இல் பள்ளி மருத்துவப் பரிசோதனைக்குச் சட்டம் வந்தது. கண்ட குறைக்குச் சிகிச்சையும் வேண்டும் என்று பாடுபட்ட மார்கரெட் மெக்மில்லனும் அவர் அக்கா ரேச்சலும் 1908இல் லண்டனின் 'போ' (Bow) என்ற பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்தார்கள்.

எனவே, கண், காது மூக்கு தொண்டை, பல், குழந்தை நல மருத்துவர்கள் மாதம் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை முறைவைத்து எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். எந்த மாதம் யார் வருவார் என்ற பட்டியலை வருடத் தொடக்கத்திலேயே பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். சீட்டைப் பிள்ளையின் பையில் மட்டும் போட்டு அனுப்பாமல், செவிலியரிடமும் ஒரு பதிவேடு இருக்கட்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அவர் போன் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். கண்ணாடி, காது கேட்கும் கருவி பள்ளிக்கே வந்து சேர வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் சீட்டிலேயே தேதியும் அறை எண்ணும் எழுதித் தாருங்கள். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பெண் மருத்துவரும், கதவு சாத்தக்கூடிய தனி அறையும் அவசியம். மனச்சோர்வு, பயம் என்று பேச வருபவர்களுக்கும் அதே அறை உதவும்; எல்லார் முன்னிலையிலும் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

இடம் போதாவிட்டால் சனிக்கிழமைகளில் வகுப்பறைகளைத் தரத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். பெற்றோரின் ஒப்புதல் படிவங்களை வாங்குவதையும், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளை அழைத்து வருவதையும் நாங்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த பள்ளிப் பரிசோதனைக்கு முன்பாக முதல் சனிக்கிழமையின் தேதியை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பெற்றோர்கள்

இணைப்பு: பெற்றோர்களின் கையொப்பப் பட்டியல்