அட்டையில் போட்ட விலைக்கு அப்புறமும் ஒரு விலை: நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் செக்போஸ்ட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியம் என்றால் மலையாளம். சின்னதாக ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், அப்புறம் கேம் வாங்குவதற்கான வாலட் கோடு, அதாவது அந்த எண்ணைப் போட்டால் கேம் கணக்கில் காசு ஏறும். கடைசியாகச் சொன்னதுதான், முழு விலைக்கு வாங்கின கேமுக்குள்ளேயே மறுபடி காசு வாங்குவதுதான், இந்த மடலுக்குக் காரணம்.

போன வருஷம் என் அக்கா மகனுக்கு, பரீட்சை முடிந்த கையோடு, அக்கா ஒரு கேம் வாங்கிக் கொடுத்தாள். 4,500 ரூபாய். ஓசியில் இறக்கிக்கொள்ளும் ஆட்டம் இல்லை, முழு விலை கொடுத்து டிஸ்காகவே வாங்கியது. அடுத்த வாரத்திலிருந்து பையன் கடைக்கு வந்து, ‘மாமா, ஐந்நூறுக்கு ஒரு கோடு’ என்பான், சில நாள் ஆயிரம். புதுசு புதுசாக ஆட்டம் வாங்குகிறான் போல என்று நானும் கொடுத்தேன், எனக்கும் கமிஷன் வருகிறதே. மூன்று மாசம் கழித்து அக்கா கேட்டபோது நோட்டைப் புரட்டிக் கூட்டினால் 7,000. எல்லாமே அந்த ஒரே ஆட்டத்துக்குள் போயிருக்கிறது. ஆட்டத்தின் பெயர் வேண்டாம், ஒன்றை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

உட்கார வைத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு கடை. அதில் ரூபாய் கிடையாது, காயின்தான். அவனுக்கு வேண்டிய பொருள் 700 காயின், விற்கும் கட்டோ 500 அல்லது 1,050. ஆக 500 பத்தாது, 1,050 வாங்கினால் மீதி 350 தொங்கிக்கொண்டு நிற்கும், அதை வீணாக்க மனசு வராமல் இன்னொரு கட்டு. நான் கடைக்காரன், பத்து ரூபாய் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கிற வித்தையெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

அதைவிட மோசம் பெட்டி. காயின் கொடுத்துத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. இதைத்தான் லூட் பாக்ஸ் என்கிறார்கள். என் கடைக்குப் பக்கத்திலேயே ஒருவர் கேரளா லாட்டரி விற்கிறார். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஆட்கள் சீட்டுக்கு இங்கேதான் வருகிறார்கள். 2023 ஓணம் பம்பரின் 25 கோடிகூட வாளையாறு கடையில் விற்ற சீட்டுக்குத்தான் விழுந்தது. லாட்டரி நல்லது என்று சொல்ல வரவில்லை, அதில் அழிந்த குடும்பங்களை இந்த ரோட்டிலேயே காட்டுவேன். ஆனால் அந்தச் சீட்டில் விலை ரூபாயில் இருக்கிறது, முதல் பரிசு எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று பின்பக்கமே அச்சடித்திருக்கிறது. பள்ளிச் சீருடையில் வந்து கேட்டால் பக்கத்துக் கடைக்காரர் விரட்டி விடுவார். என் மருமகனை யாரும் விரட்டவில்லை. நானே விரட்டவில்லை.

இது இங்கே மட்டும் நடக்கிற கதை இல்லை. 2006-இல் ஒப்ளிவியன் ஆட்டத்தில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. 2017-இல் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2, அறுபது டாலர் ஆட்டம், அதில் டார்த் வேடர் என்ற பேர்போன வில்லனாக விளையாட 60,000 கிரெடிட் (அந்த ஆட்டத்துக் காயின்) சேர்க்க வேண்டும், கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம் ஆகும் என்று ஆடியவர்கள் கணக்குப் போட்டார்கள். கத்தின கத்தில் அந்த அளவை முக்கால்வாசி குறைத்து, வெளியீட்டுக்கு முந்தின நாள் ஆட்டத்துக்குள் காசு வாங்குவதையே கம்பெனிக்காரர்கள் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருஷம் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18 உட்பட மூன்று ஆட்டங்களின் பெட்டிகள் சூதாட்டமே என்று சொல்லிவிட்டது. பெட்டியில் எது எத்தனை சதவீதம் வரும் என்று வெளியிடச் சீனா 2017-லேயே சொன்னது, தென்கொரியா 2024-இல் சட்டமாக்கியது. காயின் விலையோடு நிஜக் காசு விலையையும் காட்ட வேண்டும் என்று 2025 மார்ச்சில் ஐரோப்பிய நாடுகளின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து சொல்லியிருக்கின்றன.

‘ஆட்டம் செய்கிற செலவு ஏறிவிட்டது, அறுபது டாலர் விலை பதினைந்து வருஷம் ஏறாமல் கிடந்ததே’ என்பார்கள் கேம் கம்பெனிக்காரர்கள். நியாயம்தான். அதனால்தானே 2020-இல் எழுபது ஆக்கினார்கள்? அதற்கப்புறமும் ஆட்டத்துக்குள் இருக்கிற கடையை மூடவில்லையே. ஆட்டத்தில் வரும் ஆளுக்குச் சட்டையும் தொப்பியும்தானே விற்கிறோம் என்றால் அதிலும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கூடுதலாக ஒரு கதை செய்து தனி விலை சொல்லி விற்றால் நானே வாங்குவேன். ஓசி ஆட்டத்தில் கடை இருப்பதும் சரி, அதுதான் அவர்களுக்கு வாடகை. ஆனால் முழுக் காசும் வாங்கிக்கொண்டு, ஆட்டத்தை வேண்டுமென்றே ஜவ்வாக இழுத்து, ‘காசு கொடு, சீக்கிரம் முடித்துத் தருகிறேன்’ என்பது சாப்பாட்டுக்குப் பணம் கட்டி உட்கார்ந்தவனிடம் சாம்பார் ஊற்றத் தனியாகக் கேட்பது மாதிரி.

2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் காசு கட்டிக் காசு எடுக்கும் ஆட்டங்களைத் தடுக்கிறது. இங்கே காசு உள்ளே போவதோடு சரி, திரும்பி வருவதே இல்லை, அதனால் இது அதில் வராது என்று வாதாட வக்கீல்கள் இருப்பார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2023 நவம்பரில் நீங்கள் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (ஆன்லைனில் வாங்குபவரை ஏய்க்கும் தந்திரம்) வழிகாட்டுதலில் 13 வகை ஏமாற்று சொல்லியிருக்கிறீர்கள். முழு விலையை முதலில் சொல்லாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது, விடாமல் நச்சரிப்பது. ‘இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று பெட்டிக்கு மேலே ஓடுகிற கடிகாரத்தை இதில் எதில் சேர்ப்பது என்று யோசிக்கக்கூட வேண்டாம்.

என் கடையில் சோடா பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் ஏற்றி விற்றால் அபராதம் போட ஆள் வருவார், வரவேண்டும். அதே அதிகாரத்தை இதிலும் காட்டுங்கள். ஆட்டத்துக்குள் கடை இருந்தால் அதன் அட்டையின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள், காயின் பக்கத்தில் ரூபாய் தெரியட்டும், பெட்டிக்குச் சதவீதம் தெரியட்டும், பதினெட்டு ஆகாத பையன் கணக்கில் பெட்டியே வேண்டாம்.

நான் என் அளவில் ஒன்று செய்கிறேன். கோடு கேட்டு வரும் பையன்களிடம் ‘எந்த ஆட்டத்துக்கு, வீட்டில் தெரியுமா?’ என்று கேட்கிறேன். பாதிப் பேர் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
வேலந்தாவளம் மொபைல் கடைக்காரன்