நடுவில் காணாமல் போன மூன்று வருடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை உதறிவிட்டு விலையுயர்ந்த பட்டு ஸ்கார்ஃப் தயாரிக்கும் தொழிலில் இறங்கிய ஒரு பெண்மணியைப் பற்றி முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாக இருக்கட்டும். கட்டுரையை எழுதிய விதத்தில்தான் கொஞ்சம் கோபம். துணிந்து ராஜினாமா கடிதம் கொடுத்தார் என்று ஒரு பத்தி முடிகிறது, அடுத்த பத்தி எடுத்த எடுப்பிலேயே இன்று வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார் என்று ஆரம்பிக்கிறது. நடுவில் என்ன ஆயிற்று? அந்த வீட்டு வாடகையை யார் கட்டினார்கள்?

இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 14 வருடம் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்துவிட்டு, அதை விட்டு, இதே ஸ்கார்ஃப் தொழிலுக்கு வந்து ஆறாவது வருடம் நடக்கிறது எனக்கு. என் வீட்டு வாடகையைக் கட்டியது என் கணவரின் சம்பளம். முதல் மூன்று வருடம் முழுக்க. அது போதாமல் நான் ராத்திரியில் இரண்டு சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதை வாடிக்கையாளர்களிடம் மூச்சுவிடவில்லை, ஏனென்றால் ஆடம்பரப் பொருள் விற்கிறவள் பக்கத்தில் கணக்குப் பிள்ளை வேலையும் பார்க்கிறாள் என்று தெரிந்தால் பொருளின் மவுசு குறைந்துவிடும் என்று ஒரு பயம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

பெரிய பெயர்களைப் பாருங்களேன். பட்டு ஸ்கார்ஃப் என்றாலே எல்லோரும் உதாரணம் காட்டும் ஹெர்மெஸ், 1837-இல் பாரிஸில் குதிரைச் சேணமும் கடிவாள வாரும் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. அவர்களுடைய புகழ்பெற்ற 90 சென்டிமீட்டர் சதுர ஸ்கார்ஃப் வந்தது 1937-இல். சரியாக நூறு வருடம்! அந்த நூறு வருடமும் தோல் வேலைதான் சோறு போட்டிருக்கிறது. அமெரிக்காவில் வெரா நியூமன் என்ற ஓவியர், சாப்பாட்டு மேசையில் வைக்கிற அளவுக்கு ஒரு அச்சுச் சட்டம் செய்து வீட்டிலேயே தொழில் ஆரம்பித்தவர். அவர் முதலில் விற்றது ஸ்கார்ஃப் அல்ல, சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் துணி. இரண்டாம் உலகப் போரால் துணி கிடைக்காதபோதுதான் ராணுவத்தில் மிஞ்சிய பாராசூட்டின் பட்டுத் துணியை வாங்கி ஸ்கார்ஃப் அச்சிட்டார். அதாவது இவர்கள் யாரும் ஸ்கார்ஃபை மட்டும் நம்பி ஒரு திங்கட்கிழமை காலையில் நடுத்தெருவில் குதிக்கவில்லை.

சரி, புலம்பல் போதும், தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் 'கலைநயம்' என்ற சொல் பல இடங்களில் இருந்தது, ஓரம் தைப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு நல்ல ஸ்கார்ஃபைக் கையில் எடுத்தால் தெரிந்தவர்கள் முதலில் படத்தைப் பார்க்க மாட்டார்கள், ஓரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். விரல் நுனியால் துணியின் விளிம்பை உருட்டி, உருட்டிய இடத்திலேயே வெளியே தெரியாமல் ஊசி போட்டுப் போக வேண்டும். 90-க்கு 90 ஸ்கார்ஃபில் நாலு பக்கமும் சேர்த்து 3.6 மீட்டர். முதல் தடவை நானே தைத்துப் பார்த்தேன், ஒரு மாலைப்பொழுது முழுக்க உட்கார்ந்தும் மூன்றாவது மூலையைத் தாண்டவில்லை, அந்த மூலையும் எலி கடித்தது போல இருந்தது. அப்புறம் கைதேர்ந்த இரண்டு பேரிடம் கொடுத்துத் தைக்க வைத்தேன். அருமையாகத் தைத்துக் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியில் அழகாக மடித்து வைக்க வேண்டும் என்று இருபது ஸ்கார்ஃபையும் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஓரம் வரை அழுத்தித் தேய்த்துவிட்டேன். கையால் உருட்டிய ஓரம் மெல்லிய கயிறு மாதிரி உப்பலாக நிற்க வேண்டும், அதுதான் அதன் அடையாளமே. தட்டையாகிவிட்டது. நான் மாதக்கணக்கில் கெஞ்சி நேரம் வாங்கிய ஒரு கடைக்காரர் ஓரத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "மெஷின் தையலாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

என் பழைய வேலை எனக்குக் கைகொடுத்த கதையும் ஒன்று உண்டு. பட்டுத் துணியின் கனத்தை மொம்மி என்று ஒரு ஜப்பானிய அளவில் சொல்வார்கள் (என் அம்மா இன்றுவரை 'மாமி' என்றுதான் சொல்கிறார், "இது எத்தனை மாமி?" என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் சிரிப்போம்). ஒரு மொம்மி என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். நான் கேட்டிருந்தது 16 மொம்மி துணி. இரண்டாவது வருடம் அச்சிட்டு வந்த மூட்டையைப் பிரித்தபோது கையில் ஏதோ இலேசாகப் பட்டது. கையை நம்பவா, ரசீதை நம்பவா? தணிக்கைக்காரி இரண்டையும் நம்ப மாட்டாள். சமையலறைத் தராசை எடுத்து வந்து ஒன்றை வைத்தேன். 16 மொம்மி என்றால் ஒரு ஸ்கார்ஃப் 56 கிராம் வர வேண்டும். வந்தது 49. கணக்குப் போட்டால் 14 மொம்மி. பத்து ஸ்கார்ஃபைத் தனித்தனியாக எடை போட்டுப் பட்டியல் எழுதி, ரசீதின் நகலோடு அனுப்பினேன். முதலில் ஈரப்பதம், அது இது என்று சாக்குச் சொன்னார்கள், பட்டியலைப் பார்த்த பிறகு சத்தமில்லாமல் மாற்றித் தந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒன்று உறைத்தது. நான் விட்டுவிட்டு வந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த தொழில்தான் இந்தத் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் விடக் கஷ்டம் சரக்கு தேங்குவது. ஸ்கிரீன் அச்சில், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாகச் சாயத்தை இறக்கும் முறையில், ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் செய்ய வேண்டும், 12 நிறப் படம் என்றால் 12 சட்டம், அந்தச் செலவை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிறவர்கள்தான் தாங்குவார்கள். டிஜிட்டல் அச்சு வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் நாற்பது, ஐம்பது என்று அச்சடிக்க முடிகிறது. அதிலும் ஒரு குறை, சாயம் பின்பக்கம் வரை முழுசாக இறங்காது, பின்பக்கம் வெளிறித் தெரியும், முடிச்சுப் போட்டால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். அதை ஓரளவு சரிக்கட்ட நல்ல துணியும், சாயம் துணியில் பிடிக்க ஆவியில் வைக்கும் வேலை நன்றாக நடப்பதும் வேண்டும், இரண்டுக்கும் முன்பணம். எட்டு டிசைன் போட்டேன், டிசைனுக்கு நாற்பது. மூன்று டிசைன் ஓடியது. ஒரு பழுப்பு நிற டிசைன், நான் ரொம்ப ஆசைப்பட்டுப் போட்டது, அதில் 31 இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அது துணி இல்லை, மடித்து வைத்த என் பழைய சம்பளம். வாங்கி விற்கும் கடைக்காரர்கள் விலையில் பாதியைத் தங்கள் பங்காக எடுத்துக்கொள்வார்கள், விற்ற பிறகு பணம் தருகிறேன் என்பார்கள், விற்காவிட்டால் அழுக்குப் படிந்த மடிப்போடு திரும்ப வரும். இலாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை என்ற நிலைமையை நான் அடுத்தவர் கணக்குப் புத்தகங்களில் நூறு தடவை பார்த்து, சிவப்பு மையில் குறிப்பு எழுதியவள். என் புத்தகத்தில் வந்தபோது இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

இன்னொரு விஷயம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தனக்கென்று வாங்குவதில்லை, பரிசு கொடுக்க வாங்குகிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெட்டி எப்படி இருக்கும் என்பது. மொம்மியைப் பற்றி இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டார், அவரும் கடைசியில் வாங்கவில்லை. நான் பெட்டிக்கு முதல் வருடம் காசு செலவழிக்காமல் துணிக்குச் செலவழித்தது, நேர்மைதான், ஆனால் வியாபாரம் தெரியாத நேர்மை.

இதற்கெல்லாம் பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. நாலாவது வருடத்திலிருந்து வீட்டுச் செலவில் பாதியை இதிலிருந்தே எடுக்கிறேன். நான் வேலையில் கடைசியாக வாங்கிய சம்பளத்தை இந்த வருமானம் இன்னும் எட்டவில்லை, எட்டுமா என்றும் சொல்ல முடியாது. ஆனால் புதுத் துணி வந்து மூட்டையைப் பிரிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் இன்னும் சில வருடம் இழுத்துப் பார்ப்பேன். தராசு பக்கத்தில் இருக்கும், அது வேறு.

உங்கள் கட்டுரை வந்த வாரத்தில் மட்டும் என்னிடம் வேலையை விடலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எத்தனை மாதம் சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதில் ஒரு பெண் சட்டென்று முகம் வாடி, "நீங்களே இப்படிப் பேசினா எப்படிக்கா" என்றாள். அவள் தைரியம் கேட்டு வந்தாள், நான் வங்கி இருப்பைக் கேட்டேன். பாவம்தான். ஆனாலும் வேறு எதைக் கேட்பது? அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் மட்டும்.

அதனால், அடுத்த தடவை இப்படி ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது உங்கள் நிருபர் ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: முதல் மூன்று வருடம் வீட்டுச் செலவு எங்கிருந்து வந்தது? கணவரோ மனைவியோ, அப்பா வைத்த நிலமோ, பழைய சேமிப்போ, எதுவாக இருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பதில் ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரியை வெட்டாமல் போடுங்கள்.

கூடவே ஒரு திருத்தமும். அதே கட்டுரையில் 'சாட்டின் என்ற உயர்ரகப் பட்டு' என்று அச்சாகியிருந்தது. சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் அல்ல. பாலியஸ்டரிலும் சாட்டின் நெய்யலாம், கடைகளில் தொங்குகிற பளபளப்பில் பெரும்பகுதி அதுதான். சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி, கெட்டி மணியாக நிற்கும்.

இப்படிக்கு,
முன்னாள் தணிக்கையாளர் ஒருவர்
(பெயர் வேண்டாம், பழுப்பு ஸ்கார்ஃப் இன்னும் 31 விற்க வேண்டியிருக்கிறது)