கறுப்பு வயர்தான் ஃபேஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? நான் செய்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் போன வாரம் போனில் "பெட்டி பாடுகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் அடுக்கடுக்காகக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். கரண்ட் வரும் பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இங்கே இப்போது சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. வேலையிலிருந்து வந்தால் மறுபடி வெளியே கால் வைக்கத் தோன்றாது. இந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஒரு ஜோடி ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 8 ஓம், கோனில் கிழிசல் இல்லை. மூன்று மாதம் அவை ஊமையாக நிற்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இந்த ஆம்ப்ளிஃபயர் கிட்டை வாங்கினேன். எல்எம்3886 என்ற ஐசி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்று. நீங்கள் ஒரு போர்டு நிறைய டிரான்சிஸ்டர் வைத்துச் செய்த வேலையை இந்தப் பதினொரு கால் பூச்சி தனியாகவே செய்துவிடுகிறது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ரெசிஸ்டரின் மதிப்பை அதன் நிறப் பட்டைகளை வைத்துப் படிக்க நீங்கள் சொல்லிக்கொடுத்த நாலு பட்டைக் கணக்கு முதல் நாளே காலை வாரிவிட்டது. எல்லாம் ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகாத ரெசிஸ்டர், ஐந்து பட்டை. 22 கிலோ ஓமுக்குச் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்று தேடிக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததோ சிவப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு, அப்புறம் ஒரு பழுப்பு. எந்த முனையிலிருந்து படிப்பது என்பதே குழப்பம். கடைசியில் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து அளந்த பிறகே போட்டேன்.

சால்டரிங் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறியது. சால்டரோடு உருகும் ஃபிளக்ஸ் பசையின் புகைக்கே அதற்கு அவ்வளவு கோபம். ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே வரும், மூடினால் அலாரம். சரி என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதிலும் ஒரு வம்பு. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று அப்படியே காய்ந்துபோய்விடுகிறது. ஸ்வெட்டரோடு நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் குமிழைத் தொட்டால் பளிச்சென்று பொறி பறக்கும். அந்தக் கையோடு ஐசியை எடுத்தால் அது செத்தாலும் செத்துவிடும். அதனால் எர்த் ஆன இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் ஐசி பக்கம் போவேன்.

இப்போது அந்தக் கரண்ட் பகுதி. "சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல்" என்று என் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னீர்களே, அதை இங்கே மறக்க வேண்டியிருந்தது. இங்கே கறுப்பு வயர்தான் ஃபேஸ், கரண்ட் வருவது அதில்தான். வெள்ளை நியூட்ரல், அது திரும்பும் வழி. பச்சை மட்டும் எங்கே போனாலும் எர்த். ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். சுவிட்சும் ஃபியூஸும் கறுப்பில்தான் போட்டேன், பயப்பட வேண்டாம்.

உங்களைப் போல, கரண்ட் ஒரு பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி சீரிஸ் போர்டு ஒன்றும் செய்தேன்; ஷார்ட் இருந்தால் பல்பு மங்காமல் எரிந்துகொண்டே இருக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை பல்பு வேண்டும். ஓவன் அடுப்புக்குள் எரியும் 40 வாட் பல்பைத்தான் கழற்றினேன். சுவிட்சைப் போட்டதும் பளீரென்று எரிந்து, கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் மங்கி அடங்கியது. ஷார்ட் எதுவும் இல்லை. ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் ஸ்பீக்கரைக் கெடுக்கும் அளவு டிசி வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்: ஒரு பக்கம் 14 மில்லிவோல்ட், இன்னொரு பக்கம் 9. அப்புறம்தான் மாட்டினேன். பாடியது!

ஒரு நாள் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கொஞ்சம் சத்தமாக வைத்தபோதுதான் மிருதங்கத்தில் அழுத்தி விழும் அடிகள் மட்டும் நொறுங்கின. வீணை ஒழுங்காக வரும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ஒரு அடி விழுந்தால் தகரத்தைத் தட்டியது மாதிரி கேட்கும். எங்கோ சரியாக ஒட்டாத டிரை சால்டர்தான் என்று நினைத்து இரண்டு ராத்திரி எல்லா ஜாயிண்டையும் மறுபடி உருக்கினேன். அதற்குப் பிறகுதான் சப்ளையை அளக்கவேண்டும் என்றே தோன்றியது. பிளஸ் மைனஸ் 25 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டரை!

டிரான்ஸ்ஃபார்மரில் கரண்ட் உள்ளே போகும் பிரைமரி பக்கம் இரண்டு கம்பிச் சுற்று, ஒவ்வொன்றும் 115 வோல்ட். 230 வோல்ட் ஊரில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில் கோக்கவேண்டும். இங்கே 120 வோல்ட், பக்கம்பக்கமாக, பேரலலில் போடவேண்டும். வரைபடத்தில் இரண்டுமே போட்டிருந்தது. என் கை தானாக நம் ஊருக்கான படத்தைப் பார்த்துச் சீரிஸில் கோத்துவிட்டது. வோல்டேஜ் பாதியானால் பவர் கால்வாசிதானே, மிருதங்கம் பாவம் என்ன செய்யும்? நல்லவேளை, தப்பு இந்தத் திசையில் நடந்தது. பேரலலில் கோத்ததை 230-இல் செருகியிருந்தால் ஃபியூஸ் போவதோடு முடிந்திருக்குமோ என்னவோ. சுற்றுகளின் ஆரம்ப முனைகள் ஒன்றாகச் சேர்கின்றனவா என்று மூன்று தடவை பார்த்து, பல்பு வழியாகவே பேரலலில் போட்டேன். இப்போது 25 வோல்ட் சுத்தமாக நிற்கிறது.

ஆனால் வோல்டேஜ் சரியானதும் ஸ்பீக்கரில் ஹம், அந்த 'ம்ம்ம்' இரைச்சல், கேட்க ஆரம்பித்தது. கேட்ட உடனே ஏதோ அந்நியமாக இருந்தது. நம் வீட்டு ரேடியோவின் ஹம் என் காதில் ஊறியது, அது 50 ஹெர்ட்ஸ். இங்கே 60. நம் ஊர் ஹம்மை சட்ஜம் என்று வைத்தால் இங்கே உள்ளது சாதாரண காந்தாரம் என்ற ஸ்வரம். கரண்ட்கூட வேறு சுருதியில் ஓடும் ஊர் அப்பா இது! கிரவுண்ட் வயர்களையெல்லாம் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். முக்கால்வாசி போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டைத் தளர்த்தி அதை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் மீதியும் அடங்கியது. காதை ஸ்பீக்கரோடு ஒட்டினால்தான் இப்போது ஏதாவது கேட்கும்.

எப்படிப் பாடுகிறது என்றுதானே உங்கள் முதல் கேள்வி? வீணையில் மீட்டு ஓய்ந்த பிறகும் கமகம் இழுபடுகிறதே, அந்தக் கடைசி நூலிழை வரை கேட்கிறது. பாடுகிறவர் மூச்சு எடுப்பது தெரிகிறது. பழைய ரெக்கார்டிங்கின் குறைகளும் சேர்ந்தே தெரிகின்றன, அதற்கு ஆம்ப்ளிஃபயர் என்ன செய்யும். கெப்பாசிட்டரை மாற்றினால் இன்னும் இனிக்கும் என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, மாற்றியதை அப்படியே விட்டுவிட்டேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்ததில் வந்த மாற்றம் இதைவிடப் பெரிது. மரச் சுவர் என்பதால் ஒன்பது மணிக்கு மேல் சத்தம் வைக்க முடியாது. அப்போதும் வால்யூமை கால்வாசிக்குக் கீழே வைத்துக் கேட்கிறேன்.

வரும்போது இதைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன். டிரான்ஸ்ஃபார்மர் மேல் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பிரைமரி வயர் நாலையும் வெட்டாமல் நீளமாகவே விட்டு, ஸ்க்ரூ கனெக்டரில் முறுக்கியிருக்கிறேன். அங்கே இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றிச் சீரிஸில் போட்டு, 2 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 1 ஆம்பியர் போட்டால் போதும். அந்த வேலையை நீங்கள்தான் செய்யவேண்டும். உள்ளே வயர் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கறுப்பைப் பார்த்து நியூட்ரல் என்று நினைத்துவிடாதீர்கள். பரணில் இருக்கும் உங்கள் சீரிஸ் போர்டைத் தூசி தட்டி எடுத்து வையுங்கள்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்