எங்கள் ஊர்ப் பள்ளியில் உயிரியல் பாடப்பிரிவு தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் மற்றும் ஊர்ப் பெற்றோர்கள்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வருகிற கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் வகுப்பில் உயிரியல் பாடப்பிரிவு தொடங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போகிறவள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் எங்கள் ஊர்ப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். இளையவள் அங்கேயே பத்தாவது படிக்கிறாள். மூத்தவளுக்கு நடந்தது இளையவளுக்கும் அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இந்த மனுவைத் தருகிறோம்.

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு இரண்டே குரூப். ஒன்று இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல். மற்றது வணிகவியல், கணக்குப்பதிவியல் உள்ள பிரிவு. மூத்தவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. என் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டியது அவள்தான். பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க் வாங்கினாள். கம்ப்யூட்டர் சயின்ஸும் சயின்ஸ்தானே, அதைப் படித்தால் நர்சிங் போகலாம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். பிளஸ் டூ முடிந்து பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த அன்றுதான், உயிரியல் படித்திருந்தால்தான் சேர முடியும் என்று தெரிந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டாள். இப்போது கோவையில் பி.சி.ஏ. படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் படிப்பை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்த அறிவியல் பிரிவு கணினி அறிவியல் ஒன்றுதான்.

உயிரியல் உள்ள வேறு அரசுப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பிப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். காலை பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்ப வேண்டும். தேயிலைக் காட்டு வழியில் கரடியும் காட்டெருமையும் நிற்கிற நேரம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. மழை கனத்தால் பெண் பிள்ளையை வீட்டிலேயே இருத்திக்கொள்கிறோம். அப்படி வீணாகிற நாட்களில் செய்முறை வகுப்பும் தவறிப்போகிறது.

தனியார் பள்ளியில் சேர்த்தவர்களின் நிலை இன்னும் கொடுமை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2020-ல் அரசு கொடுத்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. உயிரியல் இல்லை என்பதற்காகப் பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளை, ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்திருந்தும் அந்த ஒதுக்கீட்டை இழக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போகிறது. கடன் வாங்கி ஃபீஸ் கட்டியும் இந்த இழப்பு. அரசு நம் பிள்ளைகளுக்காகத் திறந்த கதவு, ஒரு பாடம் இல்லாத காரணத்தால் எங்கள் ஊருக்கு மட்டும் அடைபட்டுக் கிடக்கிறது.

இத்தனைக்கும் இது எந்த மலை என்று தாங்கள் அறிவீர்கள். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்த பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது. நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் 1986-ல் இந்த மலையின் பெயரில்தான் அறிவிக்கப்பட்டது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் சொல்லித் தருகிறார்கள். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. அங்கெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படிப்பதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். எங்கள் பிள்ளைகளும் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்கிறோம்.

மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வருகிறது. அது பூஞ்சையால் வருவது என்பதே மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு மருந்து அடிப்பது என்பதற்கும் அவரைத்தான் கேட்கிறோம். இருளர், குறும்பர், பணியர் பழங்குடிக் குடும்பங்களில், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் இரத்தசோகை இருக்கிறது. அது தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதை விளக்குவது மரபியல், அதாவது உயிரியல் பாடத்தின் ஒரு பகுதி. அதைப் படித்த ஒரு பெண் எங்கள் ஊரிலிருந்தே நர்ஸாக வந்தால், பழங்குடிக் குடியிருப்புக்குப் போய் அவர்கள் பேச்சிலேயே எடுத்துச் சொல்ல முடியும்.

செலவைப் பற்றியும் குழுவில் பேசினோம். கணினி அறிவியல் பிரிவு நடப்பதால் இயற்பியல், வேதியியல், கணித ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அந்த மூன்று பாடத்துக்கும் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காரலாம், நான்காவது பாடத்துக்கு மட்டும் பிரிந்து போனால் போதும். ஆக வேண்டியது தாவரவியலுக்கு ஒருவர், விலங்கியலுக்கு ஒருவர் என இரண்டு முதுகலை ஆசிரியர்கள். ஆய்வகத்துக்காக, பழைய பொருட்கள் அடுக்கிக் கிடக்கும் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, குழாய் இழுத்துத் தரும் வேலையை ஊரே ஏற்றுக்கொள்ளும். இதை எழுதியே தருகிறோம். நுண்ணோக்கியும் கண்ணாடித் தகடுகளும் வேதிப்பொருட்களும் துறையிலிருந்துதான் வர வேண்டும். மெல்லிய சவ்வு வழியாக நீர் ஊடுருவும் சவ்வூடு பரவலைக் காட்டும் சோதனைக்குத் தேவையான உருளைக்கிழங்கு எங்கள் தோட்டத்திலேயே விளைகிறது.

ஆகவே, வருகிற ஜூன் முதல் எங்கள் பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் அடங்கிய பிரிவைத் தொடங்க பள்ளிக் கல்வி இயக்ககத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். இதில் கணிதமும் இருப்பதால் இஞ்சினியரிங் வழியும் அடைபடாது. கணிதம் வராது என்கிற பிள்ளைகளுக்கு, அதே இரண்டு ஆசிரியர்களைக் கொண்டு தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக உள்ள பிரிவைப் பின்னர் சேர்க்கலாம். நிரந்தரப் பணியிடத்துக்கு அனுமதி வரத் தாமதமானால், பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களை வாரத்தில் சில நாட்களாவது மாற்றுப்பணியில் அனுப்பியோ, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அனுமதித்தோ வகுப்பை ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போனால் என் இளைய மகளின் வகுப்பு முழுவதும் விடுபட்டுப் போகும்.

இன்னொன்றும் கேட்கிறோம். எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதைப் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். போக முடியாததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தால்தான் தோட்ட வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் வர முடியும். மூத்தவள் சேரும்போது இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கம்மலை அடகு வைத்தாவது அவளை விடுதியில் விட்டுப் படிக்க வைத்திருப்பேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்களே நேரில் போய்க் கேட்டோம். உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பெற்றோர் கையொப்பத்துடன் இணைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகள் சிலர் பேத்திகளுக்காகக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். தாங்கள் எங்கள் பள்ளிக்கு ஒரு முறை நேரில் வந்து ஆய்வகத்துக்கான அறையையும் பார்வையிட்டு, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் மற்றும் ஊர்ப் பெற்றோர்கள்

இணைப்பு: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல்; மாணவர் பெயர்ப் பட்டியல், பெற்றோர் கையொப்பங்களுடன்; ஆய்வக அறையைச் சீரமைத்துத் தர ஊரார் அளிக்கும் ஒப்புதல் கடிதம்.