தகரப்பெட்டிக்குள் கிடைத்த கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். கணக்கு வாத்தியார் இன்னமும் உன் கோழிமுட்டைக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டைக் காலி செய்தபோது, தாத்தாவின் தகரப்பெட்டிக்கு அடியில் நான்காக மடித்த கடிதம் ஒன்று கிடைத்தது, மடிப்புகளெல்லாம் கிழிந்துவிட்டன. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைப் பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமை, கேட்ட அவரது விண்ணப்பம், தொடர்ந்து வசித்ததற்குப் போதிய சான்றில்லை என்ற ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கணக்காகத் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுந்த மனிதர், தாயின் காரியத்துக்காக ஒருமுறை இந்தியா போய் வந்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. எங்களை முதலில் நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இங்கே பிறந்திருந்தாலும் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிறப்புகளுக்கான காகிதத்தை எடுத்துவா என்று யாரிடம் கேட்டார்கள், யாரிடம் கேட்கவே இல்லை என்பதில்தான் இனம் ஒளிந்திருந்தது. சட்டத்தின் வாசகத்தில் பாகுபாடு இல்லை என்று 1953இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் கைகழுவிவிட்டது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றானதால், 1947 தேர்தலில் ஏழு இடங்களை வென்ற எங்கள் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 1952இல் ஓரிடம்கூட இல்லை. இத்தனைக்கும் எல்லாமே பாராளுமன்றத்தில் முறையாக வாக்கெடுத்துச் செய்யப்பட்டவை. ஒரு கூட்டத்தின் வாக்குரிமையைப் பறிக்கத் துப்பாக்கி தேவைப்படவில்லை என்பதே எனக்குப் பெரும் அச்சமாக இருக்கிறது.

பிறகு இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம், நாடற்றிருந்த எங்களைப் பற்றியது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில்தான் நீயும் இந்தியாவுக்குக் கோச்சி, அதாவது ரயில், ஏறினாய். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை தர 2003இல் சட்டம் வந்தது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். 2019இல் அசாமின் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்டார்கள் என்று கேட்டபோது, அந்த ஒற்றை வரி அத்தனை வீடுகளுக்கும் போயிருக்குமே என்று மனம் பதறியது.

உன் அப்பாவின் பழைய பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதையும் தாத்தாவின் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்